சிறிய அடுக்கு எப்படி மீப்பெரு பொதுக் காரணி ஆகிறது?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக ஒரு தாய் கேட்ட கேள்வி இது. க⁶, க⁹ ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி என்ன என்ற கணக்குக்கு மகள் க³ என்று விடை எழுதியிருக்கிறாள். 6, 9 ஆகிய எண்களின் மீப்பெரு பொதுக் காரணி 3, எனவே விடை க³ என்பது அவள் போட்ட கணக்கு. விடைத்தாளில் அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் க⁶ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “சிறிய அடுக்கை எடுக்க வேண்டும் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் பெயரிலேயே மீப்பெரு என்று இருக்கும்போது சிறியதை ஏன் எடுக்கிறோம் என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை” என்கிறார் அவர்.

அம்மா, உங்கள் மகளை முதலில் மனதாரப் பாராட்டுங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். “எழுத்துக்குச் சிறிய அடுக்கு” என்ற வாய்பாட்டை ஒப்பித்து மதிப்பெண் வாங்கிவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் பின்னக் கோவைகளைச் சுருக்கத் தெரியாமல் தவித்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு அந்தத் தவிப்பு வராது.

பாடநூலில் மாறிகள் எக்ஸ், ஒய் என்று இருக்கும். நான் இங்கே க, ச, ப என்று எழுதுகிறேன். எழுத்து மாறுவதால் கணக்கு மாறாது.

குழப்பத்தின் வேர் பெயரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மீப்பெரு பொதுக் காரணி, சுருக்கமாக மீ.பொ.கா. என்கிறோம். மேல்வகுப்புகளில் மீப்பெரு பொது வகுத்தி, மீ.பொ.வ. என்று வரும். இரண்டும் ஒன்றுதான். இந்தப் பெயரைப் படிக்கும் பிள்ளையின் கண்ணில் ‘மீப்பெரு’ என்பதே முதலில் படுகிறது, ‘பொது’ பின்னுக்குப் போய்விடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் இதையே ‘பொதுக் காரணிகளுட் பெரியது’, பொ.கா.பெ. என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். செய்ய வேண்டிய வேலையை அது வரிசைப்படி சொல்லிவிடுகிறது: முதலில் பொதுக் காரணிகளைத் திரட்டு, பிறகு அவற்றுள் பெரியதை எடு. உங்கள் மகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது அவளுடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். க⁶-இன் காரணிகளாக வரும் அடுக்குகள் 1, க, க², க³, க⁴, க⁵, க⁶. இவற்றுள் எதனால் வகுத்தாலும் மீதி வராது. க⁹-க்கு 1 முதல் க⁹ வரை பத்துக் காரணிகள். இரண்டு வரிசையிலும் இருப்பவை எவை? 1 முதல் க⁶ வரை. இவைதான் பொதுக் காரணிகள். இவற்றுள் பெரியது க⁶. க⁷ ஏன் இல்லை? க⁹-ஐ அது வகுக்கும், க⁶-ஐ வகுக்காது. ஆறு க மட்டுமே உள்ள இடத்திலிருந்து ஏழு க எடுக்க முடியாது. க³ பொதுக் காரணிதான், அதில் தவறில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொதுக் காரணிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. ஆக, சிறிய அடுக்கு என்பது நாம் தேடிப்போன இலக்கே இல்லை. பெரியதைத்தான் தேடிப் போனோம், எந்த உறுப்பில் எழுத்து குறைவாக இருக்கிறதோ அதற்கு மேல் போக முடியவில்லை.

அடுக்கை எண்ணிக்கையாகப் பார்க்கப் பழகினால் இது கண்ணுக்கே தெரியும். க⁶ என்பது க × க × க × க × க × க என்பதைக் குறுக்கி எழுதும் முறை, அவ்வளவுதான். அடுக்கை எழுத்தின் தலைமேல் எண்ணாக எழுதும் இன்றைய முறையைப் பரவச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட். 1637-இல் வெளிவந்த தம் வடிவியல் நூலில் அவர் அப்படி எழுதினார். அவரே இரண்டாம் அடுக்கு வரும்போது மட்டும் பெரும்பாலும் எழுத்தை அடுத்தடுத்து இருமுறை எழுதிவிடுவார். ‘கக’ என்று எழுதியதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் முதல் நான்கைந்து கணக்குகளை இப்படி விரித்து எழுதச் சொல்வதே என் வழக்கம். 12க³ச², 18க²ச⁵ என்று கொடுத்தால் நோட்டில் இரண்டு வரி:

2 × 2 × 3 × க × க × க × ச × ச

2 × 3 × 3 × க × க × ச × ச × ச × ச × ச

மேல் வரியில் ஒன்று, கீழ் வரியில் அதற்கு இணையான ஒன்று என்று பென்சிலால் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஒரு 2, ஒரு 3, இரண்டு க, இரண்டு ச இணைந்துவிடும். மேலே ஒரு 2, ஒரு க தனித்து நிற்கும். கீழே ஒரு 3, மூன்று ச தனித்து நிற்கும். இணைந்தவற்றைப் பெருக்கினால் 6க²ச². அதுவே மீ.பொ.கா. ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட ஐந்து நிமிடத்தில் இதைச் செய்துவிடும். அதன் பிறகு “ஏன் சிறிய அடுக்கு” என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. க⁵⁰, க⁷² என்று வரும்போது இணைத்துக்கொண்டிருக்க முடியாது, அடுக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். அதற்குள் விதி அவர்களுடையதாகிவிட்டிருக்கும்.

மேலே உள்ள இரண்டு வரிகளை மறுபடி பாருங்கள். எண்களையும் எழுத்துகளையும் ஒரே மாதிரி நடத்தினோம். பாடத்தில் பெரும்பாலும் “கெழுக்களுக்கு (எழுத்தின் முன் நிற்கும் எண்களுக்கு) மீ.பொ.கா. காண், மாறிகளுக்குச் சிறிய அடுக்கை எடு” என்று இரண்டு விதிகளாகச் சொல்லித்தருகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. இரண்டு விதி என்று சொன்னால் பிள்ளைகள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். உங்கள் மகள் எண்ணுக்கு உரிய விதியை அடுக்குக்குப் போட்டாள். வேறு சில பிள்ளைகள் நேர்மாறாக, 8க², 12க⁵ என்றால் எண்ணிலும் சிறியதை எடுத்து 8க² என்று எழுதிவிடுவார்கள். 8 எப்படி 12-ஐ வகுக்கும்?

உண்மையில் இருப்பது ஒரே விதி. 8 = 2³. 12 = 2² × 3. இரண்டிலும் உள்ள பகா எண் 2, அதன் சிறிய அடுக்கு 2, எனவே 2² = 4. அதேபோல் 72 = 2³ × 3², 108 = 2² × 3³. சிறிய அடுக்குகளை எடுத்தால் 2² × 3² = 36. எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துவிட்டால் அங்கும் சிறிய அடுக்கே விடை. எழுத்துகள் ஏற்கெனவே பிரிந்தே நிற்கின்றன. க என்பது மேலும் பிரிக்க முடியாத ஒன்று, எண்களில் பகா எண் போல. அதனால் எழுத்தில் அடுக்கை நேரே பார்க்கிறோம், எண்ணில் ஒரு படி பிரித்துவிட்டுப் பார்க்கிறோம்.

மூன்று உறுப்புகள் உள்ள கணக்கு ஒன்றை முழுதாகச் செய்து காட்டுகிறேன். 24க⁵ச²ப, 36க³ச⁴, 60க⁴ச³ப².

24 = 2³ × 3, 36 = 2² × 3², 60 = 2² × 3 × 5. மூன்றிலும் இருப்பவை 2, 3 மட்டுமே. சிறிய அடுக்குகள் 2² மற்றும் 3, ஆக 12. க-வின் அடுக்குகள் 5, 3, 4. சிறியது 3. ச-வின் அடுக்குகள் 2, 4, 3. சிறியது 2. ப முதல் உறுப்பிலும் மூன்றாம் உறுப்பிலும் இருக்கிறது, நடுவில் இல்லை. இல்லாததை ப⁰ என்று எழுதிக்கொள்ளலாம், ப⁰ = 1 என்பதால் உறுப்பு மாறாது. அடுக்குகள் 1, 0, 2 என்றாகின்றன. சிறியது 0. எனவே விடையில் ப வராது. ‘ஓர் உறுப்பில் இல்லாத எழுத்தை விட்டுவிடு’ என்று தனி விதி தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். 5-ஐ விட்டதும் இதே காரணத்தால்தான். விடை 12க³ச².

சரிதானா என்று பார்க்க ஒவ்வோர் உறுப்பையும் விடையால் வகுக்க வேண்டும். கிடைப்பவை 2க²ப, 3ச², 5கசப². இங்கே இரண்டு சங்கதிகள் பார்க்க வேண்டும். மீதியில்லாமல் வகுபட்டதா? ஆம், எனவே 12க³ச² பொதுக் காரணி. ஈவுகள் மூன்றுக்கும் பொதுவாக இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? 2, 3, 5 என்ற எண்களுக்குப் பொதுவாக எதுவும் இல்லை. முதல் ஈவில் ச இல்லை, இரண்டாவதில் க-வும் ப-வும் இல்லை. எனவே இதைவிடப் பெரியது கிடையாது. ஒரு பிள்ளை அவசரத்தில் 6க²ச என்று எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஈவுகள் 4க³சப, 6கச³, 10க²ச²ப² என்று வரும். மூன்றிலும் 2கச ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்டிப்போட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. 6க²ச-ஐ 2கச-வால் பெருக்கினால் அதே 12க³ச² வந்துவிடும். தேர்வில் நேரம் இருந்தால் இந்தச் சரிபார்ப்பைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். விடை சரி என்று அவளுக்கே உறுதியாகத் தெரியும்.

கெழுக்கள் பெரிதாக இருந்து பகாக் காரணிகள் கண்ணில் படாவிட்டால் பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வழி இருக்கிறது. சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் அவர் சொன்னது, இன்று கணினிகளும் இதே அடிப்படையில்தான் செய்கின்றன. 221க⁷ச³, 323க⁴ச⁹ என்றால், 323-ஐ 221-ஆல் வகுக்க மீதி 102. 221-ஐ 102-ஆல் வகுக்க மீதி 17. 102-ஐ 17-ஆல் வகுக்க மீதி 0. கடைசியில் வகுத்த 17 தான் எண்களின் மீ.பொ.கா. எழுத்துகளைச் சேர்த்தால் 17க⁴ச³.

இப்போது ‘பெரு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் மகளின் கேள்விக்குள் இருக்கும் ஆழமான பகுதி இதுதான். க⁶ என்பது க³-ஐ விடப் பெரியது என்று மேலே எழுதினேன். எப்போதுமா? க = 1/2 என்று வைத்தால் க³ = 1/8, க⁶ = 1/64. மதிப்பில் க⁶ சிறியதாகிவிட்டது! அப்படியென்றால் மீப்பெரு என்பது மதிப்பைக் குறிக்கவில்லை. இயற்கணிதத்தில் அதன் பொருள் இதுதான்: மற்ற எல்லாப் பொதுக் காரணிகளும் எதை வகுக்கின்றனவோ அதுவே மீப்பெரு. 1, க, க², க³, க⁴, க⁵ எல்லாமே க⁶-ஐ வகுக்கின்றன. அந்த வகையில் அது மற்றவை அனைத்தையும் தனக்குள் கொண்டிருக்கிறது.

இதை எண் வைத்துச் சோதிக்கப் போகும் பிள்ளைகள் ஓரிடத்தில் திகைத்துப்போவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 12க³ச², 18க²ச⁵ ஆகியவற்றின் மீ.பொ.கா. 6க²ச². க = 2, ச = 1 என்று வையுங்கள். உறுப்புகள் 96, 72. அவற்றின் மீ.பொ.கா. 24. 6க²ச²-இன் மதிப்பும் 24. பொருந்துகிறது. க = 3, ச = 1 என்று வையுங்கள். உறுப்புகள் 324, 162. எண்களாகப் பார்த்தால் மீ.பொ.கா. 162. ஆனால் 6க²ச² தருவது 54 மட்டுமே. விடை தவறா? இல்லை. வகுத்த பின் நின்ற ஈவுகள் 2க, 3ச³. எழுத்துகளாக இருக்கும்வரை இவற்றுக்குப் பொதுவாக எதுவும் இல்லை. க-வுக்கு 3 என்று மதிப்புக் கொடுத்ததும் 2க என்பது 6 ஆகிவிட்டது, அதற்கும் 3ச³-இல் இருக்கும் 3-க்கும் புதிதாக ஒரு பொதுக் காரணி பிறந்துவிட்டது. க, ச எந்த இயல் எண்களாக இருந்தாலும் 54 போன்ற அந்த மதிப்பு இரண்டு எண்களையும் வகுக்கும் என்பதற்கு மட்டுமே இயற்கணித விடை உத்தரவாதம் தருகிறது.

குறியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. −8க³ச, −12க²ச² என்றால் மீ.பொ.கா. 4க²ச என்று மிகைக் கெழுவுடன் எழுதுவதே வழக்கம். காரணிப்படுத்தும்போது மட்டும், முதல் உறுப்பு குறைக் குறியுடன் இருந்தால் அந்தக் குறியையும் சேர்த்து வெளியே எடுப்பது வசதி: −8க³ + 12க² = −4க²(2க − 3). உள்ளே இரண்டாம் உறுப்பின் குறி மாறுவதை மறக்கக் கூடாது.

காரணிப்படுத்தும்போது வரும் இன்னொரு தவறு, நான் மிக அதிகமாகத் திருத்தியது. 15க⁴ − 10க³ + 5க². பொதுக் காரணி 5க². பிள்ளைகள் 5க²(3க² − 2க) என்று எழுதிவிடுவார்கள். மூன்றாம் உறுப்பு முழுவதும் வெளியே போய்விட்டது, உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று நினைப்பு. 5க²-ஐ 5க²-ஆல் வகுத்தால் கிடைப்பது 1, பூச்சியமன்று. சரியான விடை 5க²(3க² − 2க + 1). மூன்று உறுப்புகளில் தொடங்கினால் அடைப்புக்குள்ளும் மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும்.

எழுத்து இருந்த இடத்தில் ஓர் அடைப்புக்குறி முழுவதாக வந்தாலும் இதே கதைதான். (க−2)³(க+1)², (க−2)²(க+1)⁵(க+3) என்றால் மீ.பொ.கா. (க−2)²(க+1)². அடைப்புக்குள் இருப்பதை ஒரே பொருளாகப் பார்த்தால் போதும். ஆனால் காரணிகள் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும்போது கவனம் வேண்டும். க² − 4, க² − 4க + 4 என்று கொடுத்தால், இரண்டிலும் க² தெரிகிறது, 4 தெரிகிறது என்று அவற்றைத் தொடக் கூடாது. அங்கே க² ஓர் உறுப்பு, காரணி இல்லை. கூட்டலிலும் கழித்தலிலும் நிற்பது உறுப்பு, பெருக்கலில் நிற்பதுதான் காரணி. முதலில் (க−2)(க+2), (க−2)² என்று பிரித்தால் பொதுவாக இருப்பது க−2 என்று தெரியும்.

மீச்சிறு பொது மடங்குக்குப் பெரிய அடுக்கை எடுப்பதும் இதே நியாயம்தான், திருப்பிப் போட்டது. 12க³ச², 18க²ச⁵ ஆகிய இரண்டும் உள்ளே அடங்க வேண்டுமானால் குறைந்தது மூன்று க, ஐந்து ச தேவை: 36க³ச⁵. மீ.பொ.கா.வையும் இதையும் பெருக்கினால் 216க⁵ச⁷. முதலில் கொடுத்த இரண்டு உறுப்புகளைப் பெருக்கினாலும் அதுவே. ஒவ்வோர் எழுத்திலும் சிறிய அடுக்கு ஒரு பக்கமும் பெரிய அடுக்கு மறுபக்கமும் போய்விடுவதால் மொத்தம் மாறுவதில்லை. மூன்று உறுப்புகளுக்கு இந்தச் சமன்பாட்டைப் போட்டுவிடாதீர்கள். க, க, க என்ற மூன்றுக்கு மீ.பொ.கா. க, மீச்சிறு பொது மடங்கும் க, பெருக்கினால் க². மூன்றையும் பெருக்கினால் க³.

கடைசியாக, உங்கள் மகள் எழுதிய க³. அடுக்குகளுக்கே மீ.பொ.கா. காணும் அவளுடைய யோசனை இந்தக் கணக்கில் பொருந்தவில்லை. ஆனால் அது முற்றிலும் சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது, அதை அவளுக்கு அவசியம் காட்டுங்கள். க⁶ − 1, க⁹ − 1 ஆகியவற்றின் மீ.பொ.கா. என்ன? க³ − 1. அடுக்குகள் 6, 9, அவற்றின் மீ.பொ.கா. 3. எந்த இரண்டு அடுக்குகளை எடுத்தாலும் இது உண்மை. காரணமும் எளிது. க⁹ − 1 என்பதிலிருந்து க³(க⁶ − 1) என்பதைக் கழித்தால் மிஞ்சுவது க³ − 1. யூக்ளிடின் வழியில் 9-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 3 வருவதைப் போலவே இங்கே அடுக்குகள் ஒன்றை ஒன்று வகுத்துக்கொண்டு இறங்குகின்றன. அடுத்த படியில் க⁶ − 1 = (க³ − 1)(க³ + 1), மீதி இல்லை. க-வுக்கு 2 என்று மதிப்புக் கொடுத்து அவளையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 63, 511 ஆகிய எண்கள் வரும். 63 = 7 × 9, 511 = 7 × 73. பொதுவாக இருப்பது 7, அதாவது 2³ − 1.